தூணை எடுத்தால் கூரை நிற்குமா? 200 ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்ட ஜான் படில் யார்?

தரைக்கு அடியில் நூறு, இருநூறு மீட்டர் ஆழத்தில் நிலக்கரி வெட்டுகிறார்கள். மேலே இருக்கும் பாறை தலையில் விழாமல் எப்படி நிற்கிறது? விஷயம் ரொம்ப சிம்பிள். வெட்டும் நிலக்கரியிலேயே ஒரு பங்கை வெட்டாமல் தூண்களாக விட்டுவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் புறநகர் மனைப்பிரிவு வரைபடம் மாதிரி இருக்கும்: குறுக்கும் நெடுக்கும் தெருக்கள், நடுவில் சதுரம் சதுரமாகத் தூண்கள்.

சிக்கல் என்னன்னா, அந்தத் தூண்களும் நிலக்கரிதான். அதாவது காசு. எல்லாம் வெட்டி முடித்த பிறகு, கடைசியில் அந்தத் தூண்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வரலாமா? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளையே கொடுத்தவர்களில் ஒருவர் ஜான் படில். சுரங்கத் துறைக்கு வெளியே இவர் பெயர் இன்று அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வாழ்ந்த காலத்தில் இங்கிலாந்தில் இவருக்கு 'நிலக்கரி வணிகத்தின் அரசர்' என்றே பட்டப்பெயர் இருந்தது.

ஆறு வயதில் சுரங்கம்

1773-ல் வடக்கு இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு சுரங்கப் பொறியாளர் ஆனவர். மகனுக்குக் கணக்கும் அறிவியலும் அப்பாவிடம்தான் பாடம். பையன் சுரங்கத்துக்குள் இறங்கியபோது வயது ஆறு கூட இருக்காது.

1806-ல் அப்பா இறந்ததும், நியூகாசில் அருகே வால்ஸெண்ட் சுரங்கத்தின் பொறுப்பு மகன் கைக்கு வந்தது. ரோமானியர்கள் கட்டிய ஹாட்ரியன் சுவர் முடியும் இடம் என்பதால் ஊருக்கு அந்தப் பெயர். லண்டன் வீடுகளில் 'வால்ஸெண்ட்' என்றாலே முதல்தர நிலக்கரி. இன்றைய மொழியில் சொன்னால், பிரீமியம் பிராண்ட்.

தரை ஏன் மேலே வந்தது?

ஆனால் அந்தப் பிராண்டுக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. தூண்களை மெலிதாக்கினாலோ, சிலவற்றை எடுத்தாலோ அவை தாங்கிய பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போகும். நாமெல்லாம் தூண் நொறுங்கி மேலே இருப்பது விழும் என்றுதான் நினைப்போம். வால்ஸெண்டில் நடந்தது வேறு. தூண்கள் கெட்டியாகவே இருந்தன. அவற்றுக்குக் கீழே தரைதான் மென்மை. பாரம் தாங்காமல் தூண் தரைக்குள் அமிழ, இடையில் இருந்த நடைபாதையின் தரை பிதுங்கி மேலே எழும்பியது. முதலில் லேசான மேடு, அப்புறம் விரிசல், கடைசியில் தரை போய்க் கூரையில் முட்டிப் பாதையே அடைபட்டுவிடும். சுரங்கத்தினர் இதை 'கிரீப்' என்றார்கள். தவழ்வது என்று அர்த்தம். ஓரிடத்தில் ஆரம்பித்தால் அங்கேயே நிற்காது, சுரங்கம் முழுக்கத் தவழ்ந்து பரவும்.

படில் இதைப் படிப்படியாகக் கவனித்துப் படமாக வரைந்தார். அந்தப் படத்தைப் பின்னாளில் புவியியல் அறிஞர் சார்லஸ் லையல் தன் பாடநூலில் சேர்த்துக்கொண்டார்.

1810 வாக்கில் படில் ஒரு தீர்வைக் கொண்டுவந்தார். முழுச் சுரங்கத்தையும் ஒரே கட்டமாக வெட்டாமல், தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியைச் சுற்றியும் தடிமனான நிலக்கரிச் சுவரை வெட்டாமல் விட்டார். ஒரு பகுதிக்குள் தெருக்களை வெட்டி முடித்ததும், காலம் தாழ்த்தாமல் தூண்களையும் எடுத்துவிட வேண்டும். உள்ளே கூரை இறங்கினாலும் சுவர் அதை அங்கேயே நிறுத்திவிடும். கப்பலின் அடித்தளத்தைத் தனி அறைகளாகப் பிரிப்பார்கள் இல்லையா, அதே லாஜிக். இதனால் முன்பு மண்ணுக்குள்ளேயே விட்டுவந்த நிலக்கரியில் பெரும்பகுதி வெளியே வந்தது. ப்ளஸ், காற்றோட்டத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்ப முடிந்தது.

விளக்கு வந்தும் சாவு நிற்கவில்லை

ஹம்ப்ரி டேவியின் பாதுகாப்பு விளக்குக் கதையிலும் படில் இருக்கிறார். 1815-ல் டேவி இவரைச் சந்தித்துத்தான் சுரங்க வாயு பற்றிக் கேட்டறிந்தார். அடுத்த ஆண்டு விளக்கு சோதனைக்கு வந்தபோது அதற்குப் பெரிய ஆதரவாளர் படில்தான். ஆனால் ஒரு முரண்பாடு. வாயு நிறைந்திருந்ததால் யாரும் போகாத பழைய இடங்களுக்கும் இந்த விளக்கை நம்பித் தூண் எடுக்க ஆட்களை அனுப்பினார்கள். பாதுகாப்புக்காக வந்த கருவி, ஆபத்தான இடத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது.

படிலின் கண்காணிப்பில் இருந்த ஹீட்டன் சுரங்கத்தில் 1815 மே மாதம் பழைய கைவிடப்பட்ட குழிகளின் நீர் உடைத்துக்கொண்டு புகுந்து 75 பேர் இறந்தார்கள். உடல்களை எடுக்கவே பல மாதங்கள் ஆயின. பழைய சுரங்கங்களின் வரைபடங்களை ஒரே இடத்தில் பாதுகாக்க வேண்டும் என்று பிற்காலத்தில் இவர் விடாமல் வலியுறுத்தினார்; 1840-ல் அரசு சுரங்கப் பதிவு அலுவலகம் தொடங்கியது. 1835 ஜூன் 18 அன்று வால்ஸெண்டிலேயே வெடிவிபத்து. 102 பேர் பலி, அதில் பலர் சிறுவர்கள். நாட்டின் தலைசிறந்த நிபுணர் நடத்திய சுரங்கத்திலேயே இந்த நிலை.

ஹீரோவாக மட்டும் பார்ப்பதும் சரியில்லை. 1831-32 தொழிலாளர் போராட்டங்களில் அவர் நின்றது முதலாளிகள் பக்கம். திருமணம் செய்துகொள்ளவில்லை. செல்லோ வாசிப்பார். 1843 அக்டோபரில் இறந்தார்.

இன்று என்ன நிலை?

படிலிடம் அளவுகள் இருந்தன, அனுபவம் இருந்தது. தூணின் வலிமைக்கு ஃபார்முலா இல்லை. அதற்கு இன்னொரு பேரழிவு தேவைப்பட்டது. 1960 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் தூண்கள் அடுத்தடுத்து நொறுங்கி 400-க்கும் மேற்பட்டோர் புதைந்தனர். பிறகு சாலமன், மன்ரோ என்ற இருவர் 125 சுரங்கப் பகுதிகளை ஆராய்ந்தார்கள்: 98 நின்றவை, 27 இடிந்தவை. தூணின் அகலமும் உயரமும் தெரிந்தால் அதன் வலிமையைச் சொல்லும் சூத்திரத்தை 1967-ல் வெளியிட்டார்கள். வலிமையை மேலே இருக்கும் பாரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பாதுகாப்பு எண். அங்கே வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட எண் 1.6.

இந்தியாவிலும் தரைக்கு அடியில் நடக்கும் நிலக்கரிச் சுரங்கங்களில் தூண் முறை பரவலாக இருக்கிறது. தெலங்கானாவின் சிங்கரேணி தொழிலாளர்களிடம் 'டீபில்லரிங்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். எந்த ஆழத்துக்கு எவ்வளவு பெரிய தூண் விட வேண்டும் என்பதற்கு நிலக்கரிச் சுரங்க விதிமுறைகளிலேயே அட்டவணை உண்டு. தூண் எடுக்கும் பகுதியைச் சுற்றி வெட்டாத சுவர் விடும் வழக்கமும் தொடர்கிறது.