ஓடவிட்டுப் பார்த்தாலும் பிடிபடாத புரோகிராம்: ஆலன் டூரிங் விட்ட சவால்

ஆப் ஹேங் ஆகி, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் சரியாகுமா, இல்ல இப்படியே சுத்திட்டே இருக்குமா? எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் இதை முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவான வழி எதுவும் கிடையாது. இந்த முடிவுக்கு அடித்தளம் போட்ட கட்டுரையை ஆலன் டூரிங் வெளியிட்டது 1936-ல். அப்போது அவருக்கு வயது 24. இன்றைய கம்ப்யூட்டர் பிறக்கவே இல்லை. காகிதத்தில் கற்பனை செய்த மெஷினை வைத்தே நிரூபித்துவிட்டார்.

1912-ல் லண்டனில் பிறந்தவர். அம்மா சாரா பிறந்தது நம்ம கோவை போத்தனூரில். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. போர்க்காலத்தில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்த கதை பலருக்கும் தெரியும். எனிக்மா எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. மெஷினின் இந்த ஒரு குணமும் டூரிங் குழுவுக்குப் பெரிய பிடி.

1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்த கம்ப்யூட்டரின் மெமரியே டிவி குழாய் மாதிரி ஒரு குழாய்தான். புரோகிராம் ஓடும்போது உள்ளே இருக்கும் பிட்கள் ஒளிப்புள்ளிகளாகத் திரையில் தெரியும். ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்தி, புள்ளிகள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தே தப்பைக் கண்டுபிடிப்பார்கள். ஸ்பீக்கரில் சத்தம் எழுப்பவும் ஒரு கட்டளை உண்டு. எந்தக் கட்டத்தில் ஓடுகிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். இன்றைய டீபக்கர் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

ஆனால், உள்ளே எட்டிப் பார்க்க விடாமல் விடையை மட்டும் காட்டினால்? 1950-ல் எழுதிய கட்டுரையில் டூரிங் ஒரு சவால் விட்டார். மெமரியில் வெறும் 1,000 அலகு பிடிக்கும் குட்டி புரோகிராம். 16 இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் 2 நொடிக்குள் வேறொரு எண்ணைத் தரும். எத்தனை விடைகளைப் பார்த்தாலும் சரி, புது எண்ணுக்கு என்ன வரும் என்று யாராலும் கணிக்க முடியாது என்றார். மால்வேரை ஓடவிட்டு ஆராய்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகத் தெரியும். கண்காணிக்கப்படுவது தெரிந்தால் சாது மாதிரி நடிக்கும் மால்வேர்களும் உண்டு.

1952-ல் தன்பாலின உறவுக்காக டூரிங்கைக் குற்றவாளி என்றது நீதிமன்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சை. ரகசிய அரசுப் பணிக்கான அனுமதியும் போனது. 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தபோது வயது 41. அரச மன்னிப்பு வந்தது 2013-ல்.