சேர் றொனால்ட் றொஸ்

நுளம்பை நம் தீவுப்பகுதியார் உறக்கங் கெடுக்கும் ஒரு தொல்லையாகவே பெரும்பாலும் எண்ணி வந்துள்ளனர். மாந்தரைக் கொல்லும் பூச்சிகளுள் தலையாயது அதுவே. மலேரியாவுக்கும் அதற்குமுள்ள தொடர்பை நிலைநாட்டிய சேர் றொனால்ட் றொஸ் அவர்களின் வரலாற்றை இம்மலரிற் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

சிப்பாய்க் கலகம் மூண்ட மூன்றாம் நாளாகிய 1857 மே 13ஆந் திகதி, இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில், படை அதிகாரி ஒருவரின் மைந்தராக இவர் பிறந்தார். இளமையில் இவருக்கு ஓவியத்திலும் கவிதையிலுமே நாட்டம். எனினும், தந்தையாரின் சொல்லைத் தட்டமாட்டாது இலண்டனில் வைத்தியம் பயின்று, 1881இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பெற்றார் விருப்பத்துக்காக வைத்தியராகும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியரல்லர் போலும்!

1883இல் பெங்களூரில் தம் அறையருகே நின்ற நீர்த்தொட்டியில் நுளம்புக் குடம்பிகள் நெளிவதைக் கண்டு, அதனைக் கவிழ்த்துவிட்டார், நுளம்பும் குறைந்தது. ஏனைய தொட்டிகளையும் கவிழ்க்கலாமென அவர் கூறியபோது, இயற்கையின் ஒழுங்கைக் குலைத்தலாகாது என மேலதிகாரி மறுத்துவிட்டாராம்.

1894இல் பற்றிக் மான்சன் என்பார் இலண்டனில் ஊட்டிய எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, சிக்கந்தராபாத்தில் நுளம்புகளை ஒவ்வொன்றாகக் கீறி ஆராயத் தொடங்கினார். வெப்பம் தாங்கொணாதது. பங்காவை இழுத்தாற் கீறிய நுளம்பு பறந்துவிடும். ஆதலால் அதுவும் இல்லை. வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறின. உசேன் கான் என்னும் நோயாளி, கடிக்கு ஓரணா வீதம் பெற்றுக்கொண்டு தம் உடலை நுளம்புகளுக்கு ஈந்தார். அவர் குருதியை உண்ட அனோபிலிஸ் நுளம்பின் இரைப்பையில், 1897 ஆகஸ்ட் 20ஆந் திகதி, றொஸ் தாம் தேடிய கிருமியைக் கண்டார். புகழ் முழுதும் றொஸ் அவர்களையே சேர்ந்தது. உசேன் கானையும் நினைத்தல் தகும் என்பது எம் கருத்து.

ஆய்வு கனியும் வேளையில் மலேரியா அரிதாகிய இராசபுத்தானத்துக்கு இடமாற்றம் வந்தது. பின்னர் கல்கத்தாவில், 1898இல், பறவைகளைக்கொண்டு கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடிவாயிலாகப் பரவுதலை நிறுவினார். 1902இல் நோபெல் பரிசு பெற்றார், 1932இல் மறைந்தார்.

ஈராண்டு கழியுமுன் இலங்கையில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றிற் பெருகிய நுளம்பால் 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மடிந்தன. நெடும் போராட்டத்தின் பின் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயின் அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது கிணற்றில் முட்டையிடும் இனம். ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை, 1990 தொடக்கம் மக்கள் இடம்பெயர்ந்தபோது கைவிட்ட கிணறுகள் பல மூடுவாரின்றிக் கிடக்கின்றன.