வேலையின் ஒவ்வொரு படியையும் அளந்தவர்: பேராசிரியர் மகலனோபிஸின் வாழ்வும் பணியும்

நாட்டின் புள்ளியியல் துறைக்கு அடித்தளமிட்ட பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸின் பிறந்த நாளான ஜூன் 29, 2007-ஆம் ஆண்டு முதல் தேசிய புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர், தேசிய மாதிரி ஆய்வைத் தொடங்கியவர், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்று அவர் பலவாறாக நினைவுகூரப்படுகிறார். இவை அனைத்திலும் ஊடாடி நின்ற அவரது பணிமுறை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ஒரு புள்ளிவிவரம் நம்பத்தக்கதா என்பதை அந்த எண்ணைப் பார்த்து அறிய முடியாது. அதை உருவாக்கிய வேலை எப்படி நடந்தது என்பதைப் பார்த்தே அறிய முடியும் என்பது அவரது கொள்கை. வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டியதை ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்து, பிழை நுழையும் இடத்தைக் கண்டறிந்து, அங்கே சோதனை ஒன்றை அமைப்பதை அவர் தம் வாழ்நாள் பழக்கமாகக் கொண்டிருந்தார்.

இயற்பியலில் தொடங்கிய பயணம்

1893-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் மகலனோபிஸ் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1912-இல் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர் கணிதமேதை சீனிவாச ராமானுஜன். குளிரில் வாடிய ராமானுஜன், படுக்கை விரிப்புகளுக்குள் உறங்கும் முறையை அறியாமல் அவற்றின் மேல் படுத்திருந்ததைக் கண்டு, கம்பளிகளுக்குள் படுப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான்.

1915-இல் படிப்பை முடித்துத் தாயகம் திரும்பும் வேளையில், கல்லூரி ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் ஆய்விதழை அவருக்கு அறிமுகப்படுத்தினார். இதழின் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பல் பயணத்திலேயே படிக்கத் தொடங்கிய அவர், தாம் படித்த இயற்பியலுக்கு அப்பால் புதியதொரு துறை விரிவதைக் கண்டார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே புள்ளியியலைத் தாமாகவே கற்றார்.

வெள்ளம் கற்பித்த பாடம்

1922-இல் வடக்கு வங்கத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. வெள்ளநீரைத் தேக்கிவைக்கப் பெருஞ்செலவில் நீர்த்தேக்கங்கள் அமைக்கலாம் என்ற யோசனை அரசின் முன் இருந்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகளின் மழைப் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், அந்தத் தேக்கங்களால் பயன் இராது என்றும், நீர் விரைவாக வடிவதற்கான வழிகளே தேவை என்றும் காட்டினார்.

1926-இல் ஒரிசாவில் வெள்ளம் ஏற்பட்டபோது, ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டதாகக் கருதிய பொறியாளர்கள் கரைகளை உயர்த்துமாறு பரிந்துரைத்தனர். சுமார் 60 ஆண்டுப் பதிவுகளைப் பரிசீலித்த மகலனோபிஸ், படுகை உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த மிகைமழையே காரணம் என்று கண்டார். மேல்நிலப் பகுதிகளில் அணைகள் கட்டுவதே தீர்வு என்ற அவரது கருத்து, பின்னாளில் மகாநதியின் குறுக்கே எழுந்த ஹிராகுட் அணைக்கு வழிகோலியவற்றுள் ஒன்று. காரணத்தைப் பிழையாகக் கணித்தால் செலவழிக்கும் பணம் முழுவதும் வீணாகும் என்பதை இவ்விரு ஆய்வுகளும் உணர்த்தின.

மாநிலக் கல்லூரியில் அவர் நடத்திவந்த சிறிய புள்ளியியல் ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக உருப்பெற்றது. 1933-இல் சாங்கியா என்ற ஆய்விதழ் தொடங்கியது. 1936-இல் அவர் வெளியிட்ட, மகலனோபிஸ் தொலைவு எனப்படும் அளவுமுறை இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது.

சணல் வயல்களில் ஒரு சோதனைக்களம்

மகலனோபிஸின் பணிமுறை முழு வடிவம் பெற்றது வங்காளத்தின் சணல் வயல்களில்தான். நிரந்தர நிலவரி முறை நடைமுறையில் இருந்த அம்மாகாணத்தில், வயல்தோறும் பயிர்ப் பரப்பைப் பதிவுசெய்ய நிரந்தரமான கிராம வருவாய் ஊழியர்கள் இல்லை. காவல்காரர்கள் முதலியோரின் ஊகங்களே மேலிடத்துக்குச் சென்று அரசுக் கணக்காயின. ஏற்றுமதியில் முதன்மையாக விளங்கிய ஒரு பயிரின் விளைச்சல் இவ்வாறு மதிப்பிடப்பட்டு வந்தது.

இந்திய மத்திய சணல் குழுவின் ஆதரவில் 1937-இல் சிறிய முன்னோட்ட ஆய்வாக மகலனோபிஸ் தொடங்கிய பணி, ஆண்டுதோறும் விரிந்து 1941-இல் மாகாணம் முழுவதையும் எட்டியது. முதலில் சிறிய அளவில் செய்து பார், குறைகளைத் திருத்து, பின்னர் விரிவாக்கு என்ற இந்த முன்னோட்ட முறை, மாதிரி ஆய்வுலகுக்கு அவர் அளித்த கொடைகளுள் ஒன்று.

வேலை முழுவதும் படிகளாகப் பிரிக்கப்பட்டது. கிராம நில வரைபடத்தில் குலுக்கல் முறையில் கட்டங்களைத் தேர்வது முதற்படி. களப்பணியாளர் அக்கட்டங்களைச் சென்றடைவது அடுத்தது. கட்டத்துக்குள் அடங்கிய ஒவ்வொரு வயலிலும் சணல் உண்டா என்று பதிவது மூன்றாவது. படிவங்களைச் சரிபார்ப்பதும் கணக்கிடுவதும் அதன்பின் வந்தன. பயணத்துக்கு எவ்வளவு நேரம், கணக்கெடுப்புக்கு எவ்வளவு, பிற வேலைகளுக்கு எவ்வளவு என்று களப்பணியாளர்களின் நேரம் தனித்தனியே பதிவு செய்யப்பட்டது.

இந்த நேரப் பதிவுதான் திட்டமிடலின் அடிப்படையானது. கட்டத்தைப் பெரிதாக்கினால் ஒரே இடத்தில் நிறைய வயல்களைப் பார்க்கலாம், நடை குறையும். ஆனால் அருகருகே உள்ள வயல்கள் ஒன்றுபோல் இருப்பதால் புதிதாக அறிவது குறைவு. கட்டத்தைச் சிறிதாக்கிப் பரவலாகத் தூவினால் அறிவது மிகும். நடையும் செலவும் கூடும். இரண்டுக்கும் இடையே, குறிப்பிட்ட செலவில் மிகக் குறைந்த பிழை எங்கே கிடைக்கும் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1944-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவரது கட்டுரை இம்முறையை உலகுக்கு எடுத்துரைத்தது. மறு ஆண்டே அவர் அச்சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மனிதப் பிழையைப் பிடிக்கும் வலை

மாதிரி எடுப்பதால் வரும் பிழையைக் கணிதம் சொல்லிவிடும். வயலுக்குப் போகாமலே படிவத்தை நிரப்புவதையும், அளவைத் தவறாகக் குறிப்பதையும் எந்தச் சூத்திரமும் தானாகச் சொல்லாது. இதற்கு மகலனோபிஸ் வகுத்த வழி எளிமையானது. ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகள் எடுக்கப்படும். ஒருவரையொருவர் சாராத இரண்டு குழுக்கள் அவற்றைக் கணக்கெடுக்கும். இரண்டின் முடிவுகளும் நெருங்கி வந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. பெரிதும் விலகினால் எங்கோ கோளாறு; அதை எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். ஊடுருவும் துணைமாதிரிகள் என்று இம்முறை பெயர் பெற்றது. சோதனை என்பது வேலை முடிந்தபின் மேலதிகாரி வந்து செய்வதாக இல்லாமல், வேலையின் அமைப்பிலேயே பின்னப்பட்டிருந்தது.

விளைச்சலை அளக்கும் பயிர் அறுவடைச் சோதனைகளிலும் ஒரு நுட்பமான பிழை வெளிப்பட்டது. வயலில் சிறிய வட்டத்தைக் குறித்து அதனுள் உள்ள பயிரை அறுத்து எடைபோடும்போது, எல்லைக் கோட்டில் நிற்கும் செடிகளை உள்ளே சேர்க்கும் போக்கு அறுப்பவரிடம் இயல்பாகவே இருந்தது. வட்டம் சிறிதாக ஆக, எல்லைச் செடிகளின் பங்கு கூடி, விளைச்சல் மிகையாகத் தெரிந்தது. எந்த அளவு பொருத்தமானது என்பது குறித்து வேளாண் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மேக்கும் அவருக்கும் இடையே நீண்ட விவாதம் நடந்தது.

1941-ஆம் ஆண்டில் வயல் வயலாக முழுக் கணக்கெடுப்பும், மாதிரி ஆய்வும் சணலுக்கு ஒருங்கே நடந்தன. வணிகப் பதிவுகளுடன் ஒப்பிட்டபோது, மிகக் குறைந்த செலவில் முடிந்த மாதிரி ஆய்வின் மதிப்பீடே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. அவசரமாகத் திரட்டிய பெரும் படையைவிட, நன்கு பயிற்சி பெற்ற சிறு குழு மேலான பலனைத் தந்தது.

இவையெல்லாம் வெறும் கணக்குச் சிக்கல்கள் அல்ல என்பதை 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் உணர்த்தியது. மாகாணத்தில் எவ்வளவு நெல் விளைந்தது, எவ்வளவு குறைவு என்பதை அரசால் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சத்தின் பின்விளைவுகளை அறிய மகலனோபிஸின் நிறுவனம் கிராமங்களில் மாதிரி ஆய்வு நடத்தி, நிலத்தையும் உழவு மாடுகளையும் இழந்த குடும்பங்களின் நிலையைப் பதிவு செய்தது.

நாடு தழுவிய ஆய்வு

விடுதலைக்குப் பின், 1949-இல் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகராக அவர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு அமைந்த தேசிய வருமானக் குழுவுக்கும் தலைவரானார். போதிய விவரங்கள் இல்லாத குறை தெளிவாகத் தெரிந்தது. 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதல் சுற்றில், ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

பல மொழிகளும், ஊருக்கு ஊர் மாறும் படி, மரக்கால், சேர் போன்ற அளவைகளும் வழங்கிய நாட்டில், ஒரே கேள்வி எங்கும் ஒரே பொருளைத் தர வேண்டும். எனவே வரையறைகளே ஆய்வின் முதுகெலும்பாயின. ஒரே சமையலறையில் உண்போர் ஒரு குடும்பம் என்பது போன்ற எளிய, மாறாத விளக்கங்கள் வகுக்கப்பட்டன. உணவுச் செலவை ஒரு வாரத்துக்குக் கேட்பதா, ஒரு மாதத்துக்குக் கேட்பதா என்பதைக்கூட ஊகத்துக்கு விடவில்லை. இருவகையாகவும் கேட்டு, வீடுகளில் நேரடியாக எடைபோட்டுப் பெற்ற அளவுடன் ஒப்பிட்டனர். மாதக் கணக்கே பின்னர் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது.

தொழிற்சாலைக்குள் புள்ளியியல்

வயலுக்குப் பொருந்திய முறை ஆலைக்கும் பொருந்தும் என்பதில் மகலனோபிஸுக்கு ஐயம் இல்லை. உற்பத்தியில் இயல்பான ஏற்ற இறக்கத்தையும், கோளாறால் வரும் மாற்றத்தையும் பிரித்துக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் உருவாக்கிய அமெரிக்கர் வால்ட்டர் ஷூஹார்ட்டை அவர் இந்தியாவுக்கு அழைத்தார். 1947-48-இல் வந்த ஷூஹார்ட், நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று தொழில் துறையினரைச் சந்தித்தார். குறையுள்ள பொருளைக் கடைசியில் கழித்துக்கட்டுவதைவிட, குறை பிறக்கும் படியைக் கண்டு அங்கேயே திருத்துவது சிக்கனமானது என்ற கருத்து அப்போது இந்திய ஆலைகளுக்குப் புதிது. 1950-களில் பம்பாய், பெங்களூர், கல்கத்தா ஆகிய நகரங்களில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் அமைந்தன. பின்னாளில் தர மேம்பாட்டு முறைகளால் உலகப் புகழ்பெற்ற ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தகுச்சியும் 1954-55-இல் இந்நிறுவனத்தில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றினார்.

புகழும் விமர்சனமும்

கனரகத் தொழில்களுக்கு முதன்மை அளித்த இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் மகலனோபிஸின் மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. வேளாண்மைக்கும் நுகர்பொருள்களுக்கும் அதில் உரிய இடம் தரப்படவில்லை என்ற விமர்சனம் அன்றும் எழுந்தது, இன்றும் தொடர்கிறது. எனினும், அத்திட்டத்தைக் குறைகூறுவோரும் தம் வாதத்துக்கு ஆதாரமாக எடுத்தாள்வது பெரும்பாலும் அவர் தொடங்கிய மாதிரி ஆய்வின் எண்களையே.

1968-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற மகலனோபிஸ், 79-ஆவது பிறந்த நாளுக்கு ஒருநாள் முன்னதாக, 1972 ஜூன் 28 அன்று காலமானார். அவரது நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த மாதிரி ஆய்வு அந்த ஆண்டுகளில் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் சென்றது. இன்று அது தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் பணியாகத் தொடர்கிறது. வேலைவாய்ப்பு, குடும்பச் செலவு, கல்வி, உடல்நலம் பற்றிய விவரங்களைக் கேட்டுக் களப்பணியாளர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வரும்போது, அவர் கையிலுள்ள வரையறைகளுக்கும் வழிமுறைகளுக்கும் பின்னால் வங்காளத்தின் சணல் வயல்களில் தொடங்கிய அந்த ஒழுங்கு இருக்கிறது.