மண்ணை நிறுத்துப் பார்த்தவர்

யாங்கோனைச் சுற்றியுள்ள நெல்வயல்கள் மழைக்காலத்தில் கடல்போல் கிடக்கும். ஐப்பசி கழிந்து மழை விட்டதும், சில வாரங்களில் அதே வயல்கள் வெடிக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? ஒரு பகற்பொழுதில் நிலம் எவ்வளவு நீரைக் காற்றுக்குக் கொடுக்கிறது? உழவனுக்கு அவசியமான இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்களில் முன்னோடி எல். ஏ. ராமதாஸ். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவுடன் இணைந்திருந்தது. ஆகவே அன்றைய ரங்கூனின் மழையையும் வெயிலையும் குறித்து வைத்தது, அவர் பணியாற்றிய இந்திய வானிலைத் துறைதான்.

ராமதாஸ் 1900 ஜூன் 3 அன்று பாலக்காட்டில் பிறந்தார். கல்கத்தாவில் சர் சி. வி. ராமனிடம் ஒளிச்சிதறல் பற்றி ஆராய்ந்தார். அந்த ராமனும் 1909இல் அரசு அதிகாரியாகச் சில மாதங்கள் ரங்கூனில் இருந்தவரே. 1926இல் வானிலைத் துறையில் சேர்ந்த ராமதாஸ், 1932இல் புனாவில் தொடங்கிய வேளாண் வானிலைப் பிரிவை வளர்த்தெடுத்தார்.

நீராவி கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. நிலத்தில் தங்கும் சூரிய வெப்பத்தில், மண்ணையும் காற்றையும் சூடாக்கியது போக மிஞ்சுவதே ஆவியாதலின் பங்கு. இங்கிலாந்தில் பென்மன் 1948இல் இதனுடன் காற்றின் வேகத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு சூத்திரம் தந்தார்.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ராமதாஸ் குழுவினர் எளிய வழியில் சென்றார்கள். மண்ணை நிறுத்துப் பார்த்தார்கள். புனாவின் மழையற்ற நாட்களில் மேல்மண் பகலில் எடை குறைந்தது; இரவில் ஒரு துளி மழையின்றியே எடை கூடியது. காய்ந்த மண் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது! பகலின் இழப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கணக்குத் தப்பிவிடும் என்பது இதனால் தெளிவாயிற்று. கரிசல் மண்ணின்மேல் வெள்ளைச் சுண்ணத்தூளைத் தூவினால் சூடு தணிவதையும் அவர்கள் அளந்தார்கள்.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது இரவை அளந்ததால். தெளிந்த, காற்றில்லாத இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரையல்ல, தரைக்குச் சற்று மேலே என்று 1932இல் அவரும் ஆத்மநாதனும் அறிவித்தார்கள். அளவீட்டுப் பிழை என்று பலர் ஒதுக்கினார்கள். பிற்கால அளவீடுகள் அதை உறுதி செய்தன. இன்று அது 'ராமதாஸ் அடுக்கு' எனப்படுகிறது.

1979இல் ராமதாஸ் மறைந்தார். குருவை அறிந்த அளவுக்கு இந்தச் சீடரை நாம் அறியவில்லை. இன்று நிலத்தின் நீரிழப்பைச் செயற்கைக்கோள்களைக் கொண்டும் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடு சரிதானா என்று சோதிக்க, இப்போதும் வயலில் மண்ணை நிறுத்துப் பார்க்கிறார்கள்.