மருத்துவ மேதை சுப்பாராவ்

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியிலுள்ள சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையமாயினும், சென்னை மாநகரின் பெரிய மருத்துவமனையாயினும், அங்குள்ள மருந்து அலமாரியில் டாக்சிசைக்ளின் என்னும் மருந்துக்கு இடம் உண்டு. புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணி கடிப்பதால் உண்ணிக்காய்ச்சல் வருகிறது. அது முற்றினால் மூளையையும் தாக்கும். நோயாளி கடுந்தலைவலியால் துடிப்பார். நினைவு தடுமாறிப் பிதற்றுவார். உரிய காலத்தில் இம்மருந்தைக் கொடுத்தால் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியத் தொடங்கும். இம்மருந்து பிறந்த குலத்தின் முதல் மருந்து ஆரியோமைசின் ஆகும். அதனைக் கண்டறிந்த ஆராய்ச்சிக் கூடத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் ஓர் இந்தியர். அவரே எல்லாப்பிரகத சுப்பாராவ்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். குடும்பத்தில் பிள்ளைகள் பலர்; வருவாயோ குறைவு. சிறுவனாக இருந்தபோது, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்ட எண்ணி அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயார் அவரை மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். தந்தையார் மறைந்த பின்னர், தம் நகைகளை விற்றும் மகனைப் படிக்க வைத்தார் அவ்வன்னை. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறிய சுப்பாராவ், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வெற்றி பெற்றார்.

மாநிலக் கல்லூரியில் பயின்றபோது அவர் உள்ளம் துறவை நாடியது. தாயார் அதற்கு இசையவில்லை. துறவியாகித் தொண்டு செய்ய விரும்பியவர், மருத்துவராகித் தொண்டு செய்ய முடிவு செய்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நாட்டு விடுதலை இயக்கத்தில் கொண்ட பற்றால் அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதராடை அணிந்து சென்றார். அது ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு இலக்காயிற்று. தேர்வில் நன்கு எழுதியிருந்தும், முழுப் பட்டத்திற்கு மாறாகத் தாழ்ந்த நிலைச் சான்றிதழே அவருக்குக் கிடைத்தது.

நோய் தந்த நோக்கம்

அக்காலத்தில் ஸ்புரூ என்னும் கொடுநோய் வெப்ப நாடுகளில் பலரை வாட்டியது. குடல் உணவின் சத்தை ஏற்க மறுக்கும், ஓயாத கழிச்சல் உண்டாகும், நாக்குப் புண்ணாகும், குருதி வெளுக்கும், உடல் எலும்புக்கூடாய் மெலியும். நோய் நீண்டால் நரம்புகளும் நலிவுற்றுக் கைகால்கள் மரத்துப் போவதுண்டு. திங்கள்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் இந்நோயாளர் துன்புறுவர். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவரை இந்நோய் அடுத்தடுத்துக் கொண்டு சென்றது. பின்னர் அது அவரையும் பற்றியது. சென்னையில் ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். நலம் பெற்றபின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியாற்றினார். நோயாளியின் படுக்கையில் கிடந்து கற்ற பாடம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. வெப்ப நாட்டு நோய்களை ஆராய்ந்து மருந்து காண்பதே அவர் வாழ்வின் நோக்கமாயிற்று.

கடல் கடந்த வாழ்க்கை

மாமனாரின் துணையாலும் பிறர் அறக்கொடையாலும் 1923-ஆம் ஆண்டு சுப்பாராவ் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு மருத்துவம் பயின்றார். கையில் பொருளில்லாமையால் இரவில் மருத்துவமனையில் ஏவலாளாக உழைத்துப் பகலில் கற்றார். சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். தசைகளின் ஆற்றலுக்கு அடிப்படையான பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகிய பொருள்களையும் அவ்விருவரும் ஆராய்ந்து வெளியிட்டனர். எனினும் அப்பல்கலைக்கழகத்தில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940-ஆம் ஆண்டு அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் தலைமையில் அறிஞர் பலர் ஒருங்கிணைந்து உழைத்தனர். 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கினர். ஸ்புரூவால் குருதி வெளுத்துக் கிடந்த நோயாளர் பலர் அதனை உட்கொண்டதும் பசியெடுத்து உண்ணத் தொடங்கினர். அவர்கள் உடலில் புதுக்குருதி ஊறியது. ஆயினும் மருத்துவர் ஓர் உண்மையையும் உணர்ந்தனர். வைட்டமின் பி12 குறைவினால் நரம்பு நலிந்தவர்க்கு ஃபோலிக் அமிலம் மட்டும் போதாது. குருதி தேறினாலும் நரம்பு நோய் உள்ளுக்குள் வளரும். நோயின் ஓர் அறிகுறி மறைவதாலேயே நோய் ஒழிந்ததாகாது என்பதற்கு இது சான்றாகும். யானைக்கால் நோய்க்கு மருந்தாகும் ஹெட்ரசானும், குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைச் சிறிது காலம் அடக்கிய அமினோப்டெரினும் அக்கூடத்திலேயே உருவாயின.

பொன்னிற மருந்து

பெனிசிலின் பல உயிர்களைக் காத்து வந்த காலம் அது. ஆயினும் அதற்கு அடங்காத நுண்ணுயிர்கள் பல இருந்தன. சுப்பாராவின் கூடத்தில் பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியல் அறிஞர் பல இடங்களின் மண்ணை ஆராய்ந்து வந்தார். 1945-இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் வயலொன்றிலிருந்து வந்த மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்று கிடைத்தது. அது சுரந்த பொருளே ஆரியோமைசின். பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். 1948-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

கால்நடைகளிடமிருந்தும் காய்ச்சாத பாலிலிருந்தும் தொற்றும் புருசெல்லோசிஸ் என்னும் நோயுடையோர், விட்டுவிட்டு வரும் காய்ச்சலாலும் மூட்டுவலியாலும் மனச்சோர்வாலும் நெடுநாள் நைந்திருந்தனர். இம்மருந்தை உண்ட சில நாட்களில் பலருக்குக் காய்ச்சல் தணிந்தது. ஆயினும் சிலருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது. அதனால் போதிய காலம் மருந்துண்பதும், தேவையானால் வேறொரு மருந்தைச் சேர்ப்பதும் இன்றியமையாதவை என்று மருத்துவர் கண்டனர்.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. சுப்பாராவின் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூவுக்கும் இக்குலத்து மருந்தான டெட்ராசைக்ளின் பயன்படும் எனப் பின்னாளில் தெரிந்தது. இன்றும் ஃபோலிக் அமிலத்துடன் டெட்ராசைக்ளினைச் சில திங்கள் தொடர்ந்து கொடுப்பது அந்நோய்க்குரிய சிகிச்சையாகும். அவ்விரண்டும் சுப்பாராவின் கூடத்தோடு தொடர்புடையவை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் இந்நோய் பரவியபோது, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் அதனை விரிவாக ஆராய்ந்தனர்.

புகழ் நாடாப் பெரியோர்

இப்பயனையெல்லாம் காணச் சுப்பாராவ் இருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. தாயகத்தைப் பிரிந்து ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகியும் அவர் திரும்பி வரவில்லை. மனைவி அவரை மீண்டும் காணவே இல்லை. கைக்குழந்தையாய் இறந்த மகனின் முகத்தையும் அவர் கண்டதில்லை. அவர் கண்ட பேறுகளுக்கு அவ்வில்லம் கொடுத்த விலை பெரிது. கண்டுபிடிப்புகளின் புகழை உடனுழைத்தவர்க்கே விட்டுத் தாம் பின்னின்றார். அதனால் அவர் பெயர் நெடுங்காலம் பலருக்குத் தெரியாமலிருந்தது. 1995-இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அவர் கூடம் தந்தது போன்ற மருந்துகளுக்கு இன்று ஒரு பெரும் பகை தோன்றியுள்ளது. காரணம் அறியாமல் உண்பதாலும், காய்ச்சல் தணிந்தவுடன் இடையில் நிறுத்துவதாலும் நுண்ணுயிர்கள் அம்மருந்துகளை எதிர்க்கும் வலிமை பெறுகின்றன. நாட்பட்ட சோர்வும் உடல்வலியும் எல்லாம் நுண்ணுயிர்களால் வருவன அல்ல. நோயின் காரணத்தைத் தேர்ந்த பின்னரே மருந்தைத் தேர்தல் வேண்டும். மருத்துவர் குறித்த மருந்தைக் குறித்த அளவில், குறித்த நாள்வரை உண்பதே அறிவுடைமை. நோயின் கொடுமையைத் தாமே நுகர்ந்து, பிறர் நோய் தீரத் தம் வாழ்வையே ஈந்த சுப்பாராவுக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவேயாகும்.