வாக்குக்காகப் பதவி துறந்தவர்: கீச்சிரோ டொயோடா

எமது நாட்டின் பெருவீதியொன்றிற் சிறிது நேரம் நின்றாற் போதும். டொயோட்டா என்னும் பெயர் தாங்கிய வாகனமொன்று எம்மைக் கடந்து செல்லும். திருமண வீட்டார் செல்லும் காரிலும், நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வானிலும் அப்பெயரைக் காண்கின்றோம். வாங்குவோர் நம்பி வாங்குகின்றனர். பல்லாண்டு ஓடிய வண்டியையும் நல்ல விலைக்கு விற்கின்றனர். ஆயின், அப்பெயர் யப்பான் நாட்டுக் குடும்பமொன்றின் பெயரிலிருந்து பிறந்ததென்பதையும், அத்தொழிலைத் தொடங்கியவர் தாம் கொடுத்த வாக்கைக் காக்க முடியாமற் போனமைக்காகத் தலைமைப் பதவியைத் துறந்து, தம் கனவு நனவாகுமுன்னரே கண்மூடினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவர்தம் வரலாறு இளைஞர் அறியத்தக்கது. முதியோரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கீச்சிரோ டொயோடா 1894 ஆம் ஆண்டு யூன் மாதம் 11 ஆந் திகதி, யப்பானின் சிசுவோக்கா மாகாணத்து யமகுச்சி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் சாக்கிச்சி டொயோடா ஒரு தச்சனின் மகன். ஊர்ப் பெண்கள் கைத்தறியில் வருந்தி நெய்வதைக் கண்டு, அவர்தம் பாரத்தைக் குறைக்கும் வழி தேடுவதிலேயே தம் இளமையைச் செலவிட்டவர். 1891 ஆம் ஆண்டில் மரக் கைத்தறி ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எந்நேரமும் தறியே தவமாகக் கிடந்த கணவருடன் வாழ முடியாமல், கீச்சிரோ பிறந்து சில காலத்தில் அன்னை பிறந்தகம் திரும்பினார். குழந்தையைப் பாட்டனும் பாட்டியுமே வளர்த்தனர். தந்தையாரின் புகழ் வளர வளர, தாயின் மடியறியாத அப்பிள்ளையும் வளர்ந்தது. பெரும் சாதனைகளுக்கு வீட்டிலிருப்போரும் விலை கொடுக்கின்றனர் என்பதை அவர் சிறுபிராயத்திலேயே உணர்ந்திருத்தல் வேண்டும்.

கீச்சிரோ தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பயின்று 1920 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு தந்தையாரின் நெசவுக் கம்பனியிற் சேர்ந்து, அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். இங்கிலாந்தில் ஓல்டம் நகரத்துப் பிளாட் சகோதரர் கம்பனியில், உலகப் புகழ் பெற்ற நெசவு இயந்திரங்கள் உருவாகும் முறையை நேரிற் கண்டார். அமெரிக்க வீதிகளில் எங்கும் மோட்டார் வண்டிகள் நிறைந்திருந்த காட்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

தாயகம் மீண்டதும் தந்தையும் மகனும் ஒருங்கே முயன்று, 1924 ஆம் ஆண்டிற் புதிய தானியங்கித் தறியொன்றை உருவாக்கினர். நூல் தீர்ந்த நாடாவைத் தறி நிற்காமலே மாற்றிக்கொள்வது அதன் சிறப்பு. மற்றொரு சிறப்பும் உண்டு. பாவு நூல் ஒவ்வொன்றிலும் மெல்லிய உலோகத் தகடொன்று தொங்கும். நூல் அறுந்தால் தகடு கீழே விழும். தறி உடனே தானாக நின்றுவிடும். ஆகவே, குறையுள்ள துணி ஒரு முழமேனும் நெய்யப்படாது. தறிக்கு ஓர் ஆள் காவல் நிற்கவேண்டிய தேவையும் இல்லை. ஒருவரே முப்பது தறிகள் வரை பார்த்துக்கொள்ளலாம். பிழை நேர்ந்ததும் வேலையை நிறுத்து, பிழையை மறைத்துக்கொண்டு மேலே செல்லாதே என்னும் பாடம் அத்தறியில் அடங்கியிருந்தது. அப்பாடமே பின்னர் மோட்டார்த் தொழிலுக்கும் அடித்தளமாயிற்று.

யப்பானுக்குத் தறி செய்யக் கற்பித்த இங்கிலாந்தே, 1929 ஆம் ஆண்டில் அத்தறியின் உரிமையை 100,000 பவுணுக்கு வாங்க உடன்பட்டது. வாங்கியவர் வேறெவருமல்லர், கீச்சிரோ மாணவராய்ச் சென்று கண்ட அதே பிளாட் சகோதரரே. மறு ஆண்டு சாக்கிச்சி காலமானார். தமக்குத் தறி வாய்த்ததுபோல மகனுக்கு மோட்டார் வண்டி வாய்க்கவேண்டுமென்று அவர் விரும்பினார் என்பர்.

அக்காலத்தில் யப்பானில் மோட்டார் வண்டி செய்ய முனைதல் எளிதான செயலன்று. 1923 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி நிகழ்ந்த பெரும் பூகம்பம் தோக்கியோ நகரையும் அதன் இருப்புப் பாதைகளையும் சிதைத்தது. மக்களை ஏற்றிச்செல்ல அமெரிக்காவிலிருந்து போர்ட் லொறிகள் வரவழைக்கப்பட்டுப் பஸ்களாக மாற்றப்பட்டன. அதனால் அங்கே சந்தை உண்டெனக் கண்ட போர்ட் கம்பனி 1925 இல் யொக்கோகாமாவிலும், ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1927 இல் ஒசாக்காவிலும் வண்டி பூட்டும் தொழிற்சாலைகளை நிறுவின. அவ்விரு கம்பனிகளின் முன் நின்று யப்பானியர் ஒருவர் சொந்தமாகக் கார் செய்வதென்பது, ஆறு பெருகி வரும்போது எதிர்நீச்சல் போடுவது போன்றதே. தறித் தொழிற்சாலையின் தலைவராயிருந்த மைத்துனர் ரிசபுரோவும், குடும்பச் சொத்தெல்லாம் இதிற் கரைந்துவிடுமே என அஞ்சினார். அவ்வச்சம் நியாயமற்றதன்று.

எனினும் 1933 ஆம் ஆண்டு செப்டெம்பரில், தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார்ப் பகுதியொன்று தொடங்கப்பட்டது. கீச்சிரோவும் துணைவர்களும் அமெரிக்க ஷெவ்ரொலே கார் ஒன்றை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி அளந்து வரைந்தனர். ஆறு சிலிண்டர் கொண்ட எஞ்சினைச் செய்ய முயன்றபோது வார்ப்பு வேலை அவர்களைப் பெரிதும் சோதித்தது. தறியின் பாகங்களை வார்த்துப் பழகிய கைகளுக்கு, உள்ளே நீர் ஓடும் வழிகளைக் கொண்ட எஞ்சின் கட்டை வசப்படவில்லை. வார்த்தவை வெடித்தன, துளை விழுந்தன, குப்பையிற் குவிந்தன. மணல் அச்சை மாற்றி மாற்றி முயன்று, 1934 ஆம் ஆண்டில் முதலாவது எஞ்சினை ஓடச் செய்தனர். 1935 ஆம் ஆண்டு மே மாதத்தில் மாதிரிக் கார் ஒன்று உருவாயிற்று.

ஆயின் முதலில் விற்பனைக்கு வந்தது காரன்று, லொறியே. 1935 ஆம் ஆண்டின் இறுதியில் அது மக்கள் முன் வைக்கப்பட்டது. இன்று டொயோட்டா என்றால் பழுதுறாத வண்டி என்று பேசுவோர், அந்த முதல் லொறியின் கதையைக் கேட்டால் வியப்புறுவர். அது அடிக்கடி வழியிலே நின்றது. அச்சு முறிந்தது, கியர் பழுதாயிற்று. வாங்கியோர் சலித்தனர், கண்டோர் நகைத்தனர். அப்பொழுது கீச்சிரோ செய்ததென்ன? குறையை வாங்கியவர்மேலோ வீதியின்மேலோ சுமத்தினாரல்லர். எங்கே லொறி நின்றதோ அங்கே கம்பனியின் ஆட்களை விரையச் செய்தார், தாமும் சென்றார், வண்டியின் அடியிலே படுத்து என்ன முறிந்ததென்று கண்ணாரக் கண்டார். முறிந்த பாகம் தொழிற்சாலைக்கு வரும், காரணம் ஆராயப்படும், அடுத்த லொறியில் அது திருத்தப்படும். ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியை விட்டு இவர்களுடன் வந்து சேர்ந்த கமியா ஷோத்தாரோ என்பவர், வாங்கியவர் நலனே முதலாவது என்னும் கொள்கையுடன் விற்பனையை நடத்தினார். எண்ணெயும் அழுக்கும் படியாத கையுடைய பொறியியலாளர் உண்மையான பொறியியலாளரல்லர் என்பது கீச்சிரோவின் துணிபு. பட்டம் பெற்றவர் கையை அழுக்காக்க நாணுதல் எந்நாட்டிலும் உள்ள நோய். அவர் அதனைத் தம்மளவில் அண்டவிடவில்லை.

1936 ஆம் ஆண்டில் வண்டிக்குரிய சின்னம் வேண்டிப் பொதுமக்களிடையே போட்டியொன்று நடத்தப்பட்டது. ஏறக்குறைய 27,000 விண்ணப்பங்கள் வந்தன. அதன் பயனாக டொயோடா என்னும் குடும்பப் பெயர் டொயோட்டா எனச் சற்று வன்மை பெற்றது. யப்பானிய எழுத்தில் அது எட்டுக் கோடுகளால் எழுதப்படும்; எட்டு அந்நாட்டாருக்கு மங்கல எண். பெயர் குடும்பத்தினின்றும் விலகி நாட்டுக்குரியதாயிற்று எனலாம். 1937 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆந் திகதி டொயோட்டா மோட்டார்க் கம்பனி தனியே நிறுவப்பட்டது. ரிசபுரோ தலைவராகவும் கீச்சிரோ உபதலைவராகவும் அமர்ந்தனர். 1938 இல் கொரோமோ என்னும் ஊரிலே பெரிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே, தேவையான பொருள் தேவையான வேளையில் தேவையான அளவே வரவேண்டும், முன்னதாக வந்து குவிதலும் கூடாது, பிந்துதலும் கூடாது என்னும் ஒழுங்கைப் புகுத்த அவர் முயன்றார். பின்னாளில் ஓனோ தாயிச்சி என்பவர் இம்முறையை முழுமைப்படுத்த, உலகெங்கும் உள்ள தொழிற்சாலைகள் அதனைக் கற்றுக்கொண்டன.

ஆனால் அதற்குமுன் யுத்தம் வந்தது. மக்களுக்குக் கார் செய்ய விரும்பியவர் படைக்கு லொறி செய்பவரானார். யப்பானியப் படை சீனத்திலும் பிற ஆசிய நாடுகளிலும் இழைத்த துன்பத்துக்கு அவ்வண்டிகளும் பயன்பட்டன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. உலோகம் அருகி, ஒரே விளக்குடன் லொறிகள் வெளிவந்த நாளும் உண்டு. 1941 இல் கீச்சிரோ தலைவரானார். 1945 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14 ஆந் திகதி, போர் முடிவதற்கு முதல் நாள், குண்டுவீச்சினாற் கொரோமோத் தொழிற்சாலையின் ஒரு பகுதி அழிந்தது.

போரின் பின்னர் தொழிலாளருக்குச் சோறு போடுவதே பெரும்பாடாயிற்று. கார் செய்ய அனுமதி கிடைக்குமோ என்ற ஐயத்தில், பாத்திரத் தொழில், மீன் பண்டத் தொழில் முதலியவற்றையும் கீச்சிரோ ஆராய்ந்தார். ஒருவாறு லொறி செய்ய அனுமதி கிடைத்தது. 1947 இற் சிறிய காரொன்றும் வெளிவந்தது. ஆயின் 1949 இல் அமெரிக்க வங்கியாளர் டொட்ஜ் வகுத்த பொருளாதாரத் திட்டத்தால் நாட்டிற் பணப்புழக்கம் சுருங்கியது. வண்டி வாங்கியோர் தவணைப் பணத்தைக் கட்ட இயலாதோராயினர். கம்பனி திவாலாகும் நிலையை அடைந்தது.

அவ்வேளையிற் கீச்சிரோ தொழிற்சங்கத்துடன் ஓர் உடன்படிக்கை செய்தார். தொழிலாளர் நூற்றுக்கு 10 வீதச் சம்பளக் குறைப்பை ஏற்பது. கம்பனி எவரையும் வேலையினின்று நீக்காதிருப்பது. தொழிலாளர் தம் பங்கைச் செய்தனர். ஆனால் கம்பனியைக் காக்க முன்வந்த வங்கிகள், விற்பனைப் பகுதியைத் தனிக் கம்பனியாக்குதல், மிகையான ஆட்களைக் குறைத்தல் என்னும் நிபந்தனைகளை விதித்தன. மறுத்தாற் கம்பனி முழுவதும் மூழ்கும். ஏற்றால் வாக்குப் பொய்க்கும். இதனினும் கொடிய நிலை ஒரு தலைவனுக்கு வேறில்லை. 1950 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ 8,000 பேரில் 2,000 க்கு மேற்பட்டோர் இறுதியில் விலக நேர்ந்தது.

யூன் மாதம் 5 ஆந் திகதி கீச்சிரோ தம் தலைமைப் பதவியைத் துறந்தார். வாக்குக் கொடுத்தவன் நான். அது பொய்த்தபின் நான் மட்டும் நாற்காலியில் இருத்தல் தகாது என்பதே அவர் செயலின் பொருள். சில நாட்களில் வேலைநிறுத்தம் முடிவுற்றது. அவர் பதவி துறந்ததனால் வேலையிழந்தோர் வீட்டில் உலை கொதித்துவிடவில்லை என்று கூறுவாரும் உளர். அது மெய்யே. எனினும், பணியாளர் இழப்பில் தாமும் பங்கேற்ற தலைவரைத் தொழிலாளர் மறந்தாரல்லர். 1962 ஆம் ஆண்டில் நிருவாகமும் தொழிற்சங்கமும் கைச்சாத்திட்ட கூட்டறிக்கை, ஒருவரையொருவர் நம்புதலையே அடிப்படையாகக் கொண்டது. அந்நம்பிக்கை 1950 இன் கசப்பிலிருந்து கற்ற பாடமாகும்.

விதியின் விளையாட்டை என்னென்பது! அவர் விலகி மூன்று வாரம் ஆகுமுன்னே கொரிய யுத்தம் மூண்டது. அமெரிக்கப் படை ஆயிரக்கணக்கான லொறிகளுக்குக் கட்டளையிட, கம்பனி பிழைத்தெழுந்தது. புதிய தலைவரான இஷிடா தைசோ, இவ்வாசனம் கீச்சிரோவுக்கே உரியது என்று கருதியவர். நிலைமை சீரானதும் அவரை மீண்டும் வருமாறு அழைத்தார். கீச்சிரோவும் இசைந்தார். ஆனால் 1952 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆந் திகதி, மீண்டும் பதவியேற்குமுன்னரே, தம் 57 ஆவது வயதிற் காலமானார். யப்பானியரின் சொந்த முயற்சியால் உருவான கிரவுன் கார் 1955 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தபோது, அதனைக் காண அவர் இல்லை.

அதன் பின்னரும் வழி முழுவதும் மலர் தூவியதாக இருக்கவில்லை. கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, அந்நாட்டு நெடுஞ்சாலை வேகத்துக்கு அது ஈடுகொடுக்காமையால் 1960 இன் இறுதியில் ஏற்றுமதியை நிறுத்தினர். குறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் சென்றனர். 1966 இற் பிறந்த கொரொல்லா உலகெங்கும் பரந்தது. 2008 இல் விற்பனைத் தொகையில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியையே முந்தினர். பின் 2009, 2010 ஆம் ஆண்டுகளில், குறைபாடுகள் காரணமாகப் பல இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தபோது, கீச்சிரோவின் பேரன் அக்கியோ அமெரிக்கக் காங்கிரசின் முன் தோன்றி மன்னிப்புக் கோரினார். 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாய்க் கம்பனியாகிய தறித் தொழிற்சாலை செய்த எஞ்சின்களின் சோதனைகளிலேயே முறைகேடு நடந்தமை வெளியாயிற்று. பிழை கண்டதும் நிற்கும் தறியைச் செய்த இடத்திலேயே பிழை மறைக்கப்பட்டது. நற்பெயர் பாட்டன் தேடிவைத்த காணிபோலப் பேரனுக்குத் தானே வந்து சேர்வதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனை உழைத்தே ஈட்டவேண்டும்.

இளைஞர்களே, தவறே செய்யாதவர் என்பதற்காகக் கீச்சிரோவை நாம் நினைப்பதில்லை. அவருடைய லொறி முறிந்தது, வாக்கும் பொய்த்தது. முறிந்த லொறியிடம் தாமே சென்றார். பொய்த்த வாக்குக்குத் தாமே விலை கொடுத்தார். நாளை நீவிர் ஒரு கடையையோ, கந்தோரையோ, சங்கத்தையோ நடத்தும் பொறுப்பை ஏற்பீர்கள். அங்கே பிழை நேரும். அந்நேரத்தில் யார்மேற் பழி போடலாமென்று தேடாது, பிழை நேர்ந்த இடத்துக்கு நடந்து செல்லுங்கள். வீதியிலே அப்பெயர் தாங்கிய வண்டியைக் காணும்போதெல்லாம், அதனடியிலே எண்ணெய்க் கையுடன் படுத்திருந்த அம்மனிதர் உங்கள் நினைவுக்கு வருவாராக.