வைணு பாப்பு

மணலி கல்லாட் வைணு பாப்பு (ஆகஸ்ட் 10, 1927 - ஆகஸ்ட் 19, 1982) இந்திய வானியலாளர் ஆவார். திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்காணகத்தை நிறுவியவர். விண்மீன் நிறமாலை தொடர்பான வில்சன்-பாப்பு விளைவைக் கண்டறிந்த இருவருள் ஒருவர்.

இளமையும் ஆய்வும்

சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்தின் தலச்சேரி. தந்தை ஐதராபாத் நிசாமியா வான்காணகத்தில் பணிபுரிந்தமையால் தொலைநோக்கி இவருக்குச் சிறுவயதிலேயே பழகிய பொருளாயிற்று. ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949இல் அங்கு ஓர் ஒளிப்படத் தட்டில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். அது பாப்பு-பொக்-நியூக்கிர்க் வால்வெள்ளி எனப் பெயர் பெற்றது. 1952இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் பாலோமர் வான்காணகத்தில் பணியாற்றினார். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்தின் கே கோட்டு நடுவில் தோன்றும் உமிழ்வின் அகலம், அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வோடு தொடர்புடையது என ஒலின் வில்சனும் இவரும் 1957இல் வெளியிட்டனர். அகலத்தை அளந்தால் ஒளிர்வும், அதிலிருந்து தொலைவும் கிடைக்கும்.

இந்தியா திரும்பியபின் உத்தரப் பிரதேச அரசு வான்காணகத்தின் தலைமை ஏற்றார். வாரணாசியில் தொடங்கிய அது நைனித்தாலுக்கு மாறியது இவர் காலத்திலேயே.

கொடைக்கானலும் காவலூரும்

1960இல் கொடைக்கானல் வான்காணகத்தின் இயக்குநரானார். 1899இல் சூரிய ஆய்வுக்கென நிறுவப்பட்ட இடம் அது. இருந்த கருவிகளைச் செம்மைப்படுத்தியதோடு, ஒளியியல், இயந்திரப் பட்டறைகளை அங்கேயே வளர்த்தார். இவர் வாழ்வில் இதுவே முதன்மையான செயல் எனலாம். பின்வந்தவை யாவும் இப்பட்டறைகளின் தொடர்ச்சி.

கொடைக்கானலின் மேகமூட்டம் இரவு நோக்கலுக்குத் தடையாக இருந்ததால் வேறிடம் தேடினார். காவலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரமே உடையது. எனினும் நிலநடுக்கோட்டிலிருந்து 12.5 பாகை வடக்கில் மட்டுமே அமைந்ததால் தென்வானின் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும். கொடைக்கானல் வான்காணகத்தின் கொல்லைப்புறத்தில் செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1968இல் பணி தொடங்கியது. கடையில் வாங்கிய கருவியன்று, பட்டறையில் உருவானது.

வாங்கவே கூடாது என்ற பிடிவாதமும் இவருக்கு இல்லை. செருமனியின் யேனா நகரில் கார்ல் சைசு நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டு சூனில் வியாழனின் நிலவு கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அது பதிவு செய்தது. அதில் வளிமண்டலத்துக்கான அறிகுறி தென்பட்டது. வளிமண்டலம் இருப்பினும் அது அன்று கருதியதைவிட மிக மெலிதே என வாயேஜர் விண்கலம் பின்னர் காட்டியது. 1977இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்த நோக்கல்களில் காவலூரின் பதிவும் ஒன்று.

பெரிய தொலைநோக்கி

1971இல் தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராக, 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யும் பணியை மேற்கொண்டார். கண்ணாடி வட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். இயந்திரப் பகுதிகள் மகாராட்டிரத்தின் வால்சந்த் நகரில் உருவாயின.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார்; 1981இல் பத்ம பூசண் விருது பெற்றார். ஒன்றியத்தின் 1982ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டம் கிரேக்கத்தின் பத்ராசில் நடந்துகொண்டிருந்தபோது, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மியூனிக் நகரில் காலமானார். தொலைநோக்கி அப்போது முற்றுப்பெறவில்லை. 1986 சனவரி 6இல் பிரதமர் இராசீவ் காந்தி அதற்கும் காவலூர் வான்காணகத்துக்கும் இவர் பெயரைச் சூட்டினார்.

2016இல் நைனித்தாலுக்கு அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கும்வரை இந்தியாவின் மிகப்பெரிய ஒளியியல் தொலைநோக்கி இதுவே. தேவஸ்தல் தொலைநோக்கியைச் செய்தது ஒரு பெல்ஜிய நிறுவனம்.